பெட்டி நிறையப் பீங்கான் கேத்தல்கள்

1.

சென்ற கிழமை இங்கே, இங்கிலாந்தில், ஒரு அரசாங்கக் கந்தோரிலிருந்து தொலைபேசியில் பேசிய பெண், என் கணவர் இறந்துபோனதற்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தாள். அவர் இறக்கவில்லை. மன்னார்த் தீவில், தோட்டவெளியில், தங்கை வீட்டு விறாந்தையில் இருந்து பீங்கான் கேத்தல்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். நான் ஒருத்திதான் என்றேன். "மிஸ்டர் மரியதாஸ்?" என்றாள். "ஹீ இஸ் கோன்" என்றேன். போய்விட்டார் என்பதைத்தான் சொன்னேன். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும், அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது அந்த நேரத்தில் மூளைக்கு எட்டவில்லை. அவள் குரலைத் தாழ்த்தி, "ஐ ஆம் சோ சொறி" என்றாள். மனுசன் ஊருக்குப் போனதற்கு இவள் ஏன் வருந்துகிறாள் என்று யோசித்தபடியே, மரியாதைக்காக "தாங்க்யூ" என்றேன். அந்தத் தாங்க்யூவோடு இவர் அவர்களுடைய கணினியில் செத்துப்போனார்.

அடுத்து வந்த கடிதம் துயருற்றோருக்கான பிரிவிலிருந்து வந்தது. பதறிப்போய்த் தொலைபேசி எடுத்தேன். ஒரு இலக்கத்தை அழுத்தச் சொன்னார்கள், பாட்டுப் போட்டார்கள், இன்னொருவரிடம் மாற்றினார்கள். ஒவ்வொருவரும் புதிதாக அனுதாபம் தெரிவித்தார்கள். "அவர் உயிரோடு இருக்கிறார்" என்று நான் சொல்லச் சொல்ல, "இந்த நேரத்தில் அப்படித் தோன்றுவது இயல்புதான்" என்றாள் ஒருத்தி. கடைசியில், உயிரோடு இருந்தால் அவரே பேசட்டும் என்றார்கள்.

இவர் மன்னாரிலிருந்து பேசினார். பேசி முடித்த கையோடு என்னை அழைத்தார்.

"நான் சாகேல்லை, மன்னாரில நிக்கிறன் எண்டு சொன்னன். அவள் கேக்கிறாள், எந்த மேனர் எண்டு."

மேனர் என்றால் இங்கே பிரபுக்களின் மாளிகை.

"பிறகு?"

"தோட்டவெளியை எழுத்துக் கூட்டிச் சொன்னன். பாதியிலேயே, காணும் சேர், நீங்கள் உயிரோட இருக்கிறியள் எண்டு ஒத்துக்கொண்டிட்டாள்."

ஒருவாறு உயிர்த்தெழுந்துவிட்டார். ஆனால் அவர் ஏன் அங்கே, நான் ஏன் இங்கே என்று தேவாலயத்துப் பூசைக்குப் போனாலும் கேட்கிறார்கள், தமிழ்க் கடைக்குப் போனாலும் கேட்கிறார்கள். ஊரிலிருந்தும் கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன். காரணம் கேத்தல்கள்தான்.

2.

நாங்கள் இருக்கும் ஸ்டோக் நகரம் இங்கிலாந்தின் சட்டிபானை ஊர். போத்தல் வடிவில் செங்கல் சூளைகள் இன்னும் ஆங்காங்கே நிற்கின்றன, உள்ளே நெருப்பில்லை. இந்த ஊருக்கு நாங்கள் பீங்கானுக்காக வரவில்லை. இவருக்கு இங்கே ஒரு பொருட்களஞ்சியத்தில் வேலை கிடைத்தது, வந்தோம். பெட்டி தூக்கித் தூக்கி முதுகு போன பிறகு ஓய்வு கொடுத்தார்கள்.

ஓய்வுபெற்ற மனிதர் வீட்டில் சும்மா இருந்திருக்கலாம். ஞாயிறு காலையில் ஒரு புல்வெளியில் சனங்கள் காரின் பின்பக்கத்தைத் திறந்துவைத்து வீட்டில் கழித்த சாமான்களை விற்பார்கள். அங்கே போய் ஒரு பழைய கேத்தலை வாங்கிவந்தார். ஊரில் தண்ணீர் கொதிக்க வைப்பதும் கேத்தல், தேத்தண்ணி ஊற்றிவைப்பதும் கேத்தல். இங்கே இரண்டாவதற்குப் பெயர் ரீபொட். எங்கள் வீட்டில் அந்த வித்தியாசம் அதுவரை யாருக்கும் தேவைப்படவில்லை. தேயிலைப் பையைக் கோப்பையில் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டு வேலைக்கு ஓடிய சனங்கள் நாங்கள்.

அந்த முதல் கேத்தலின் வயிற்றில் ஒரு நீண்ட வெடிப்பு. வெடிப்பின் குறுக்கே, காயத்துக்குத் தையல் போட்டதுபோல் வரிசையாகச் சின்னச் சின்ன உலோகக் கம்பிகள்.

"பாரும், பிலோ. நல்ல பசை இல்லாத காலம். உடைஞ்சதை எறியேல்லை. பீங்கானில துளைபோட்டுக் கம்பியால தைச்சிருக்கிறாங்கள். தண்ணி ஊத்தினாலும் ஒழுகாது."

"ஒழுகாட்டில் என்ன, தேத்தண்ணி குடிக்கிற மாதிரியா இருக்கு?"

"இதில குடிக்கிறதோ!" என்று என்னை ஏதோ திருப்பண்டத்தைத் தொட்டவள்போல் பார்த்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு நான் தனியாகத்தான் போனேன். நூலகத்திலிருந்து தடித்த படப் புத்தகங்கள் வந்தன. சோற்றுக்கு முன்னால் சரித்திரம், சோற்றுக்குப் பிறகும் சரித்திரம். முதலில் சீனர் தேயிலையைத் தூளாக்கிக் கிண்ணத்தில் அடித்துக் குடித்தார்களாம். பிறகு இலையை ஊறவைத்துக் குடிக்கத் தொடங்கியபோதுதான் கேத்தல் தேவைப்பட்டதாம். ஒரு ஊரில் கிடைத்த செம்மண்ணில், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில், ஆளுக்கொன்றாகச் செய்தார்களாம். ஐரோப்பாவுக்கு வந்த முதல் கேத்தல்களும் சின்னஞ்சிறியவை, ஏனென்றால் தேயிலை அவ்வளவு விலை. பூட்டுப் போட்ட பெட்டியில் வைத்து, திறப்பை வீட்டுக்காரி இடுப்பில் செருகிக்கொள்வாளாம். தேயிலை மலியமலியக் கேத்தலின் வயிறு பெருத்ததாம். எங்கள் ஸ்டோக்கில் மாட்டெலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி மண்ணோடு குழைத்து, வெளிச்சம் ஊடுருவும் பீங்கான் செய்தார்களாம்.

"எலும்போ?" என்றேன். அன்று வெள்ளிக்கிழமை, தபசு காலம், இறைச்சி தொடாத நாள்.

என் கையில் ஒவ்வொன்றையும் தந்து பிடித்துப் பார்க்கச் சொல்வார். பிடி விரலுக்குள் எப்படி இருக்கிறது, மூக்கு வயிற்றில் சேரும் இடத்தில் உள்ளே சல்லடைபோலத் துளைகள் எப்படி, மூடியில் காற்றுக்கு ஒரு பொட்டுத் துளை எப்படி. "எவனோ ஒருத்தன் இதையெல்லாம் யோசிச்சிருக்கிறான்" என்பார். சில கேத்தல்கள் உண்மையாகவே கைக்குள் வந்து இருந்துகொள்ளும், ஒரு குருவியைப் பிடித்ததுபோல. அதை நான் இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் நாலு வரும்.

3.

நான் சொல்லாமலே வந்தன. அலுமாரிக்குள் வந்தன, அலுமாரிக்கு மேல் ஏறின, படிக்கட்டில் இருந்தன. குளிப்பதற்குக்கூட இரண்டைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் போகவேண்டியிருந்தது. எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. "பழைய குப்பை" என்றுதான் நான் அவற்றைக் குறிப்பிடுவேன். "குப்பையை ஒதுக்கினால் மேசையில சாப்பாட்டை வைக்கலாம்" என்பேன்.

இவற்றைச் சேர்க்கும் வெள்ளைக்காரக் கிழவிகளின் குழு ஒன்று மாதமொருமுறை ஒரு மண்டபத்தில் கூடும். இவரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒருநாள் இவரைப் பேசச் சொன்னார்கள். நாட்கணக்கில் கண்ணாடி முன் நின்று பழகினார். மேடையில் ஏறியதும் எல்லாம் போய்விட்டது. இவரிடம் இருந்தது களஞ்சியத்துக்குப் போதுமான ஆங்கிலம்: இதை இறக்கு, அதை ஏற்று, கவனம், உடையும். மன்னாரைப் பற்றி ஏதோ தொடங்கினார், நடுவில் நின்றார், கைகளைக் காட்டினார், இறங்கிவிட்டார். எல்லாரும் பண்பாகக் கைதட்டினார்கள். ஒரு அம்மையார் வந்து, உங்கள் குடும்பத்துத் தேயிலைத் தோட்டம் எவ்வளவு பெரியது என்று கேட்டாள். மன்னாரில் ஒரு தேயிலைச் செடியை நட்டால் ஒரு கிழமைக்குள் கருவாடாகிவிடும் என்பதை இவளுக்கு யார் விளங்கப்படுத்துவது? இவர் சிரித்துக்கொண்டு, "ஸ்மோல்" என்றார்.

பிறகு என் முழங்கால் பழுதாகி, படி ஏற முடியாமல், நிலத்தோடிருக்கும் ஒரு சின்ன வீட்டுக்கு மாறவேண்டி வந்தது. எங்கள் மகள் ஷெரின் லண்டனிலிருந்து வந்து பெட்டிகளை அடுக்கினாள். கேத்தல்களைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"அம்மா, இது ஒருத்தருக்கும் வேணாம். தருமக் கடைக்குக் குடுங்கோ."

"நீ கொஞ்சம் எடன்" என்றார் இவர்.

"அப்பா, எங்கட வீட்டில எல்லாம் மெசினில கழுவுற சாமான். இதைக் கையால கழுவ எனக்கு ரைம் எங்கை?"

ஆனாலும் தகப்பன் முகத்தைப் பார்த்து ஒன்றை வாங்கிக்கொண்டாள். நீலப் பூப்போட்ட, நல்ல கேத்தல். சில மாதம் கழித்து நாங்கள் அவள் வீட்டுக்குப் போனோம். குளியலறைக்குப் போய்வந்த இவர் சப்பாத்தை எடுத்து மாட்டத் தொடங்கினார். நானும் போனபோது பார்த்தேன். கேத்தல் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது, மூடியில்லாமல். அதற்குள் பற்தூரிகைகள். ஷெரினைக் குறை சொல்ல முடியாது. அவள் அதை அழகாகத்தான் வைத்திருந்தாள்.

ரயிலில் திரும்பும்போது இவர் சொன்னார்: "எல்லாத்தையும் ரீற்றாவிட்டை அனுப்புவம்."

ரீற்றா இவருடைய தங்கை. தோட்டவெளியில் இருக்கிறாள்.

"ரீற்றா இதை வச்சு என்ன செய்யிறது?"

"வச்சிருப்பாள்" என்றார்.

4.

கப்பலில் பெட்டி போனது. நாங்கள் விமானத்தில் போனோம். கேத்தல்களைச் சுற்றுவதற்கு என் நூல் சேலைகளை எடுத்திருக்கிறார் என்பது, கொழும்பில் பெட்டியைத் திறந்து சீமெந்துத் தரையில் பரப்பியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அத்தனை பேருக்கும் முன்னால், என் சேலைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

சுங்கத்தில் பெட்டியை விடுவிக்கும் அந்த இடத்தில் காலையிலிருந்து நின்றோம். கீழே இருந்தவர் மேலே போகச் சொன்னார். மேலே இருந்தவர் கீழே கையொப்பம் வாங்கிவரச் சொன்னார். கையொப்பம் போடவேண்டிய அதிகாரி தேநீர் குடிக்கப் போயிருந்தார். என் முழங்கால் பூசணிக்காய்போல் வீங்கிவிட்டது. எங்களுக்காக ஓடித்திரிந்த முகவர் நல்ல மனிதர். அவர் ஒரேயொரு புத்திமதிதான் சொன்னார்: "ஐயா, என்ன கேட்டாலும் பழைய வீட்டுச் சாமான் எண்டு மட்டும் சொல்லுங்க."

அதிகாரி வந்தார். ஒரு கேத்தலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அன்ரிக்கா?" என்று கேட்டார்.

இவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "யெஸ் சேர்! அன்ரிக்! வெரி ஓல்ட்! வெரி வலுவபிள்!"

முகவர் தலையில் கை வைத்தார்.

பெறுமதியான பழம்பொருள் என்றால் மதிப்பீட்டுச் சான்றிதழ் வேண்டும், இன்னொரு இடத்துக்கு அனுப்பவேண்டும், எத்தனை கிழமை ஆகும் என்று சொல்ல முடியாது என்றார் அதிகாரி. அதுவே பாவித்த பழைய சாமான், வியாபாரப் பெறுமதி இல்லை என்று கையொப்பம் வைத்தால் இப்போதே கொண்டுபோகலாம். முகவர் பேனையை இவர் கையில் வைத்தார். இவர் பேனையைப் பிடித்தபடி நின்றார்.

"பெறுமதியில்லாத சாமானை நான் ஏன் கடல் கடந்து கொண்டுவாறன்?" என்று என்னிடம் தமிழில் கேட்டார்.

அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் விளங்கும். "அதைத்தான் நானும் கேட்கிறேன்" என்றார்.

கலியாணத்துக்கு முன் கொழும்பில் தட்டெழுத்து வேலை செய்தவள் நான். சிங்களம் இன்னும் வாயில் இருக்கிறது. இவரைத் தள்ளிவிட்டு முன்னால் போனேன். "மாத்தயா, இதெல்லாம் பரண படு, பழைய சாமான்" என்று சிங்களத்தில் தொடங்கினேன். வெள்ளைக்காரர் கழித்துவிட்டதை இவர் பொறுக்கிவருகிறார், ஓய்வுபெற்ற பிறகு மனுசனுக்குப் புத்தி ஒருமாதிரி, பாருங்கள், இது உடைந்து கம்பியால் தைத்தது, யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? வருடக்கணக்காக வீட்டில் சொல்லிப் பழகிய பேச்சு. தடங்கலே இல்லாமல் வந்தது.

அதிகாரி அந்தத் தையல் போட்ட கேத்தலைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் போய் இரக்கம் வந்திருந்தது. இவருடைய தோளில் மெதுவாகத் தட்டி, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல், "சரி ஐயா, கொண்டு போங்க, கவனமா வச்சுக்கொள்ளுங்க" என்றார்.

இவருக்கும் அவ்வளவு சிங்களம் விளங்கும். வாசிக்காமல் கையொப்பம் வைத்தார்.

5.

வானை ஓட்டிவந்தவர் நிஸ்தார், சிலாவத்துறைக்காரர், நாற்பது கடந்தவர். பெட்டியை ஏற்றும்போது, "இதுக்குள்ள என்ன அண்ணை?" என்று கேட்டார். இவர் பின் கதிரையில் ஏறிக் கதவைச் சாத்தினார். புத்தளம்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம், இறங்கவில்லை. அநுராதபுரம் போனது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. அந்தப் பெட்டி வெளியே வந்தது யாரால்? சான்றிதழ் வரும்வரை கொழும்பில் ஒரு விடுதியில் இருந்திருப்பாரா? மனுசன் கோபித்தால் கோபிக்கட்டும் என்று நானும் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதவாச்சியில் வான் மன்னார்த் தெருவில் திரும்பியது. இப்படியே போய் இறங்கினால் ரீற்றா வீட்டில் கேள்வி வரும். சட்டென்று நிஸ்தாரிடம் சொன்னேன்:

"தம்பி, பெட்டிக்குள்ள என்னெண்டு கேட்டீங்கள். பழங்காலத்துத் தேத்தண்ணிக் கேத்தல். சீனாவிலயிருந்து ஒல்லாந்தர் கப்பலில கொண்டுபோனவை. பீங்கான் நனைஞ்சாலும் பழுதாகாது, அதால கப்பலின்ர அடியில அதை அடுக்கி, மேல தேயிலையை வச்சுக் கொண்டுபோனவை. பிறகு அந்த ஒல்லாந்தரே பீங்கான் செய்யப் பழகிட்டினம். வெள்ளைக்காரரில முதல் செய்தது அவையள்தான்."

கடைசி வசனம் பிழை. பிழை என்று தெரிந்துதான் சொன்னேன்.

பின்னால் கதிரை கிறீச்சிட்டது. வான் ஒரு பாலத்தைக் கடந்தது. பிறகு:

"ஒல்லாந்தர் இல்லை."

நான் திரும்பவில்லை.

"ஒல்லாந்தர் செய்தது மண், மேல வெள்ளைப் பூச்சு. பீங்கான் இல்லை. முதல் செய்தது ஜேர்மன்காரன். தங்கம் செய்யத் தெரியும் எண்டு சொன்ன ஒருத்தனை அரசன் பிடிச்சு அடைச்சு வச்சவன். தங்கம் வரேல்லை, பீங்கான் வந்தது. எத்தினை தரம் சொன்னனான் உமக்கு!"

"எனக்கு எங்கை நினைவு நிக்குது" என்றேன்.

அதற்குப் பிறகு வாய் மூடவில்லை. மடுச் சந்தி தாண்டியதும் வெளியே காட்டைக் காட்டினார். "நிஸ்தார், இந்தத் தெருவாலதான் இந்தியாவிலயிருந்து தோட்டத்துக்கு ஆக்களைக் கொண்டுபோனவங்கள். மன்னார்க் கரையில இறக்கி, மலைநாடு வரைக்கும் நடத்தி. முதல் கோப்பிக்கு, பிறகு தேயிலைக்கு. காய்ச்சலில விழுந்தவை இந்தக் காட்டுக்குள்ளயே போய்ச்சேர்ந்திட்டினம். மிஞ்சினவை ஆஞ்ச கொழுந்துதான் அந்த வடிவான கேத்தலுகளுக்குள்ள போனது." கொஞ்சம் நிறுத்தினார். "அதைத்தான் அண்டைக்கு அந்தக் கூட்டத்தில சொல்ல வெளிக்கிட்டனான். சொல்ல வரேல்லை."

எனக்கு அது அன்றுதான் தெரிந்தது. நானும் கேட்கவில்லையே.

நிஸ்தார் வேகத்தைக் குறைத்தார். "நாங்க ஊரைவிட்டு வெளிக்கிட்ட நேரம் நான் சின்னப் பிள்ளை அண்ணை. உம்மா ஒரு கேத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தா. வழியில அதையும் வாங்கி வச்சிட்டாங்கள்."

எங்கள் மூவருக்கும் தெரியும், ஆயுதத்தோடு வந்து முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு வெளியேற்றி, அதை வாங்கி வைத்தவர்கள் பேசியது எங்கள் தமிழ்தான். வானுக்குள் நாங்கள் இருவரும் எதைச் சொல்வது? சொறி என்பதா? அந்தச் சொல்லை இங்கிலாந்தில் நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், சொல்லியிருக்கிறேன். அது இதற்குக் காணாது.

இவர் முன்னால் குனிந்து கேட்டார்: "அது என்ன மாதிரிக் கேத்தல்?"

"அலுமினியம். பிடி ஒருபக்கம் நெளிஞ்சது."

"பிடி மேலாலயோ, பக்கத்திலயோ?"

"மேலால. பிரம்பு சுத்தியிருந்தது. சூடு பிடிக்காமல் வாப்பா சுத்தினது."

"மூக்கு?"

நிஸ்தார் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் மூக்கின் வளைவைக் காட்டினார். தள்ளாடியில் தீவுக்குப் போகும் பாலம் வரும்வரை இருவரும் அந்தக் கேத்தலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

6.

ரீற்றா கண்ணாடி அலுமாரியைத் துடைத்து வைத்திருந்தாள். மறுநாள் காலையிலேயே உதவி செய்வதாக நினைத்து, ஒரு கேத்தலைத் தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, விளிம்பிலிருந்த தங்கக் கோட்டை முழுதாக எடுத்துவிட்டாள். "அண்ணா, ஊத்தையெல்லாம் போட்டுது, பாருங்கோ!" என்று காட்டினாள். இவர் கதிரையில் இருந்துவிட்டார். நான் குசினிக்குள் போய் வாயைப் பொத்திச் சிரித்தேன்.

அயலட்டைச் சனம் பார்க்க வந்தது. இவர் விளக்கத் தொடங்கினார். நான் ஸ்டோக் கூட்டத்தை நினைத்துப் பயந்தேன். ஆனால் அங்கே யாரும் பண்பாகக் கேட்கவில்லை. எல்லாரும் குறுக்கே பேசினார்கள்.

"சீனன் ஏன் இவ்வளவு சின்னனாச் செய்தவன்? கடலுக்குப் போய் வந்தவனுக்கு ஒரு வாய்க்குக் காணாதே" என்றார் பக்கத்து வீட்டு பேதுரு அண்ணை.

"அவன் கடலுக்குப் போனவனில்லை அண்ணை, இருந்து பாட்டு எழுதினவன்."

"அப்ப சரி."

"மாட்டெலும்பெண்டால் சைவக்காரர் குடிக்கினமோ?" என்றாள் ஒருத்தி. "முந்தி மாந்தைத் துறைக்குச் சீனக் கப்பல் வந்ததெண்டு சொல்லுறாங்கள், அங்கை கிண்டினால் பீங்கான் ஓடு வருமாம், உண்மையோ?" என்றார் இன்னொருவர். இவர் எழுந்து நின்று கையை வீசிப் பேசினார். சத்தம் போட்டார், தோற்றார், திரும்பத் தொடங்கினார். கலியாணம் கட்டிய புதிதில் இப்படி ஒரு மனிதர் எனக்கு இருந்தார். களஞ்சியத்துக்குப் போன பிறகு, இவர் பேச்சுக் குறைந்த ஆள் என்று நானே நம்பிவிட்டேன்.

திரும்பவேண்டிய நாள் நெருங்கியது. பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"பிலோ, நீர் போம். நான் பிறகு வாறன்."

"பிறகெண்டால்?"

"கொஞ்ச நாள்."

"என்ரை முழங்கால் ஒப்பரேசனுக்கு ஆர் நிக்கிறது? ஷெரின் வருவாளெண்டு நினைக்கிறீங்களோ?"

"திகதி வந்தோடனை வருவன். சத்தியமா."

சண்டை பிடித்தேன். ரீற்றாவையும் பிடித்து ஏசினேன், அவள் ஒன்றும் செய்யவில்லை. ஓய்வூதியம், வீடு, மருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். விமான நிலையத்துக்கு நிஸ்தார்தான் என்னைக் கொண்டுவந்து விட்டார். வழி முழுக்க இவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். அவர், "ஓம் அக்கா, பிழைதான் அக்கா" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

7.

இப்போது காலையில் எழும்பினால் மேசை வெறுமையாக இருக்கிறது. சாப்பாட்டை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஆசுபத்திரிக்காரர் திகதியைத் தருவதும் தள்ளிப்போடுவதுமாக இருந்தார்கள். திகதி வரவில்லை, இவரும் வரவில்லை. ஷெரின் கிழமைக்கொரு தடவை எடுத்து, "ஆர் யூ ஓகே அம்மா?" என்பாள். ஓகே என்பேன். அவளுக்குத் தெரிந்த தமிழில் மிச்சத்தைச் சொல்ல முடியாது.

முந்தாநாள் திகதி வந்தது. நிச்சயம் என்று தொலைபேசியிலும் சொன்னார்கள். உடனே இவரைப் படத்தோடு அழைத்தேன். விறாந்தையில் இருந்தார். பக்கத்தில் நிஸ்தார். மேசையில், நம்ப மாட்டீர்கள், ஒரு கேத்தலிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. என்னை ஒரு நாளும் ஊற்ற விடாத கேத்தல்.

"என்ன இது?" என்றேன்.

"நிஸ்தார் சண்டை. குடிக்காத கேத்தல் என்ன கேத்தல் எண்டு."

நிஸ்தார் முகத்தைக் காட்டினார். "அக்கா, நல்ல கேத்தல், ஆனா தேத்தண்ணி சாயம் காணாது."

"கொஞ்சம் ஊறவிடவேணும் எண்டு சொன்னனான், ஆர் கேக்கிறது" என்றார் இவர்.

"திகதி வந்திட்டுது" என்றேன்.

இவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "அப்ப நாளைக்கே ரிக்கெற் போடுறன்" என்றார். பிறகு கேத்தலைத் தூக்கியபடி, என்னைப் பாராமல், "நீர் நடக்கத் தொடங்கினதும் ரெண்டு பேருமா இஞ்சை வருவம், என்ன?" என்று கேட்டார்.

வீடு, கந்தோர், ஷெரின், மருந்து என்று எத்தனையோ பதில் வாய்வரை வந்தது. அதற்குள் இவர் ஒரு கையால் கேத்தலைச் சரித்து ஊற்றத் தொடங்கிவிட்டார்.

"மூடியைப் பிடிச்சுக்கொண்டு ஊத்துங்கோ" என்று கத்தினேன். "விழப்போகுது!"